பூட்டிய பேழையைப் பொதுச் சொத்தாக்கிய பெருந்தகை: மசீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல்கான்

 

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, நாடி பார்த்து மருந்து கொடுக்கும் ஹகீம்களும் நாட்டு வைத்தியர்களும் நம் பக்கத்துச் சிற்றூர்களில் பரவலாக இருந்தார்கள். அத்தகையோர் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஏட்டுச் சுவடிகளும், அரபுத் தமிழில் எழுதிய கைப்பிரதிகளும், மருந்துச் செய்முறைக் குறிப்புகளும் அதனுள் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். தந்தை திறப்பார், மூத்த மகன் பார்ப்பான், பிறர் கண்ணுக்கு அது காட்டப்படுவதில்லை. அந்தப் பெரியவர் மறைந்து, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனபின், அப்பெட்டி செல்லரித்தது. எஞ்சியது பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிற்று. எத்தனையோ பேருடைய நோயைத் தீர்த்த அறிவு, யாருக்கும் பயன்படாமல் மண்ணாயிற்று.

இந்த இழப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற ஹகீம் குடும்பத்தின் முன்னும் இதே கேள்வி நின்றது. வீட்டுக்குள் வைத்துப் பாதுகாத்த மருத்துவ நூல்களையும் மருந்து இரகசியங்களையும் என்ன செய்வது? பூட்டியே வைப்பதா, பொதுமக்களுக்குத் திறந்து விடுவதா? திறந்து விடுவதே தர்மம் என்று முடிவு செய்து, அதற்காகவே தம் பொருளையும் புகழையும் ஆயுளையும் செலவிட்டவர்தாம் மசீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல்கான் அவர்கள். அன்னாரை விடுதலைப் போராட்டத் தலைவராக நம்மில் பலர் அறிவோம். நூல்களையும் நோயாளிகளையும் ஒன்றுசேர்த்த மருத்துவராக அறிந்தவர்கள் குறைவு. ஆகவே அந்தப் பக்கத்தை இம்மலரில் விரிவாகக் காண்போம்.

ஷரீஃப் மன்ஸில்

டெல்லி மாநகரின் பழைய பகுதியில் பல்லிமாரான் என்றொரு தெரு உண்டு. அங்குள்ள ஷரீஃப் மன்ஸில் என்னும் மாளிகையில் 1868 ஆம் ஆண்டு பிப்ரவரி 11 ஆம் நாள் அஜ்மல்கான் அவர்கள் பிறந்தார்கள். முகலாய மன்னர்களின் காலந்தொட்டு அரண்மனை மருத்துவர்களாக விளங்கிய குடும்பம் அது. முன்னோரான ஹகீம் ஷரீஃப்கான் அவர்களின் பெயரால் அக்குடும்பம் ஷரீஃபீ குடும்பம் என்று வழங்கப்பட்டது. தந்தையார் ஹகீம் மஹ்மூத்கான் அவர்களும் டெல்லியில் பெரும் மதிப்புப் பெற்ற மருத்துவராக இருந்தார்கள்.

அஜ்மல்கான் அவர்கள் பிறப்பதற்குப் பதினோராண்டுகளுக்கு முன், 1857 இல், டெல்லி பேரழிவைச் சந்தித்தது. கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படை நகருக்குள் புகுந்தபோது வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்நாளில் ஷரீஃபீ குடும்பத்தார் பட்டியாலா மகாராஜாவின் மருத்துவர்களாக இருந்தமையால், அம்மன்னரின் வீரர்கள் அந்தத் தெருவுக்குக் காவல் நின்றார்கள். அதனால் அத்தெருவில் வாழ்ந்தோர் பலர் உயிர் தப்பினார்கள். உருதுப் பெருங்கவிஞர் மிர்ஸா காலிப் அவர்களும் அங்ஙனம் பிழைத்தவர்களுள் ஒருவர். ஆபத்து வேளையில் ஒரு வைத்தியர் வீடு ஊருக்கே அரணாக நின்ற இந்த வரலாற்றைக் கேட்டே அஜ்மல்கான் அவர்கள் வளர்ந்திருக்க வேண்டும்.

சிறு வயதிலேயே திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனார்கள். அரபு, பாரசீக மொழிகளைக் கற்றபின், வீட்டுப் பெரியவர்களிடமும் டெல்லியில் சித்தீக்கீ தவாகானா நடத்திய ஹகீம் அப்துல் ஜமீல் அவர்களிடமும் மருத்துவம் பயின்றார்கள்.

இங்கே யூனானி மருத்துவத்தின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வது பொருத்தமாகும். யூனான் என்பது கிரேக்க நாட்டைக் குறிக்கும் அரபுச் சொல். கிரேக்க மருத்துவர்களின் நூல்களை அப்பாசியர் காலத்து பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலிய அறிஞர்கள் அரபு மொழியில் பெயர்த்தார்கள். பின்னர் இப்னு ஸீனா அவர்கள் 5 பாகங்களில் எழுதிய அல்கானூன் என்னும் நூல், பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் பாடமாக இருந்தது. ஆக, ஒரு நாட்டாரின் நூலை இன்னொரு நாட்டார் படித்து, திருத்தி, சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுத்ததனாலேயே இம்மருத்துவம் வளர்ந்தது. பூட்டி வைத்திருந்தால் அது கிரேக்க நாட்டிலேயே முடிந்திருக்கும்.

செய்தித்தாளும் நூலகமும்

ஷரீஃபீ குடும்பத்தாருக்குச் சொந்தமாக ஓர் அச்சகமும், அக்மலுல் அக்பார் என்னும் உருது வார இதழும் இருந்தன. இளம் ஹகீம் அவ்விதழில் எழுதலானார்கள். மருத்துவர் ஒருவர் தம் மருந்துக் கூடத்துக்கு வெளியே வந்து ஊராரின் பொதுக் காரியங்களைப் பேசுவதற்கு அந்த இதழ் வழி திறந்தது. அன்னாரின் பொதுவாழ்வு தொடங்கியது மேடையில் அன்று, செய்தித்தாளின் பக்கத்தில்தான்.

1892 ஆம் ஆண்டில் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராக அழைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்கள். ராம்பூர் சமஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கப்பட்ட அரிய நூலகம் ஒன்று இருந்தது. அரபு, பாரசீக, உருதுக் கையெழுத்துப் பிரதிகள் அங்கே ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. அந்நூலகத்தின் மேற்பார்வைப் பொறுப்பும் ஹகீம் அவர்களிடம் வந்தது.

நூல்கள் இருப்பது வேறு; எந்த நூல் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு. பட்டியல் இல்லாத நூலகம் பெயர் எழுதாத மருந்துப் புட்டிகள் நிறைந்த அலமாரியைப் போன்றது. உள்ளே உயிர்காக்கும் மருந்து இருந்தாலும் வேளைக்குக் கைக்குக் கிட்டாது. ராம்பூர் நூலகத்தில் இருந்த அரபு நூல்களின் பட்டியல், ஹகீம் அவர்களின் முயற்சியால் 1902 ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. ராம்பூருக்கு ஒருமுறையேனும் வந்திராத அறிஞர்களும் அங்கே என்னென்ன நூல்கள் உள்ளன என்பதை அதனால் அறிந்துகொண்டார்கள். ரஸா நூலகம் என்று இன்று வழங்கப்படும் அது, 1975 ஆம் ஆண்டின் சட்டப்படி மத்திய அரசின் பொறுப்பில் வந்தது. சுமார் 17,000 கையெழுத்துப் பிரதிகளோடு உலக அறிஞர்களை அது இன்றும் ஈர்த்து வருகிறது.

அந்த ராம்பூர் ஆண்டுகளில்தான் பம்பாயில் தொடங்கிய பிளேக் என்னும் கொள்ளைநோய் நாடெங்கும் அச்சத்தை விளைவித்தது. மக்களிடையே வதந்திகள் பரவின. ஹகீம் அவர்கள் கொள்ளைநோய் பற்றித் தனியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார்கள். நோய்க்காலத்தில் மருந்துக்கு அடுத்தபடியாக மக்களுக்குத் தேவைப்படுவது நம்பத்தகுந்த செய்தியே என்பதை அன்னார் அறிந்திருந்தார்கள். அண்மையில் கொரோனா காலத்தைக் கடந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதரஸாவிலிருந்து கல்லூரிக்கு

அன்றைய வழக்கப்படி யூனானி மருத்துவம் கற்க விரும்புவோர் ஒரு ஹகீமின் வீட்டுக்குச் சென்று, அவர் விரும்பினால் மட்டுமே கற்க முடியும். இம்முறையை மாற்ற முதலடி எடுத்து வைத்தவர் அஜ்மல்கான் அவர்களின் மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் மஜீத்கான் அவர்கள். 1889 இல் டெல்லியில் மதரஸா திப்பியா என்னும் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். திப்பு என்பது மருத்துவத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஹகீம் குடும்பத்தில் பிறவாத மாணவனும் அங்கே முறையாகப் பாடம் கேட்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

மூத்த சகோதரர்கள் இருவரும் அடுத்தடுத்துக் காலமானபின் அப்பள்ளியின் பொறுப்பு முழுவதும் அஜ்மல்கான் அவர்களின் தோளில் விழுந்தது. ராம்பூரின் அரண்மனை வாழ்வை விட்டு டெல்லி திரும்பினார்கள். பள்ளியின் சார்பில் மஜல்லா திப்பியா என்னும் மருத்துவ இதழ் வெளிவந்தது. தொலைதூர ஊர்களில் தனித்தனியே தொழில் செய்துகொண்டிருந்த ஹகீம்களுக்கு அத்தகைய இதழ்கள் ஒருவரை ஒருவர் அறியும் கருவியாயின.

அடுத்து அன்னார் செய்த காரியம் பெரும் துணிவுக்குரியது. ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்துச் சாலையை நிறுவினார்கள். குடும்ப இரகசியமாக இருந்துவந்த மருந்துகள் அங்கே ஒரே தரத்தில், ஒரே அளவில் தயாரிக்கப்பட்டு எல்லோருக்கும் விற்கப்பட்டன. அதில் கிடைத்த வருவாயை அன்னார் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மருத்துவக் கல்விக்கு உரியதாக்கினார்கள். மருந்து வாங்கிய ஒவ்வொரு நோயாளியும் தம்மை அறியாமலேயே ஒரு மாணவனின் படிப்புக்கு உதவியவரானார்.

பெண்களின் நிலையையும் அன்னார் மறக்கவில்லை. பர்தா முறையால் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்கள், பேறுகாலத்தில் பயிற்சியற்ற மருத்துவச்சிகளையே நம்ப வேண்டியிருந்தது. தாயும் சேயும் மடிவது அன்றாடச் செய்தியாக இருந்தது. 1909 இல் பெண்களுக்கென மருத்துவப் பயிற்சிப் பள்ளியையும் அதனுடன் மருத்துவமனையையும் ஏற்படுத்தினார்கள். பெண் கல்வி என்றாலே முகம் சுளிப்போர் நிறைந்திருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏழைக்கு ஒரு நீதி, மன்னருக்கு ஒரு நீதி

ஹகீம் அவர்களின் கட்டண முறை அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. டெல்லியை விட்டு வெளியே ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்றால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் பெறுவார்கள். அந்நாளில் அது பெருந்தொகை. மன்னர்களும் செல்வர்களும் மட்டுமே கொடுக்கத்தக்கது. ஆனால் டெல்லிக்கு வந்து ஷரீஃப் மன்ஸிலின் முற்றத்தில் காத்திருப்போரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. வந்தவர் இந்துவா, முஸ்லிமா, சீக்கியரா என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை. இருப்பவரிடம் பெற்று இல்லாதவருக்கு அளிப்பதை மேடையில் பேசாமல் நடைமுறையில் காட்டினார்கள். மக்கள் அன்னாரை மசீஹுல் முல்க் என்று அழைத்தார்கள். நாட்டின் நோய் தீர்ப்பவர் என்பது அதன் கருத்து.

1911 இல் ஐரோப்பா சென்றார்கள். இலண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அப்போது டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்கள் அறுவை மருத்துவராக இருந்தார். இருவருக்கும் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. ஒருவர் கிழக்கு மருத்துவத்தின் தலைவர். மற்றவர் மேற்கு மருத்துவத்தில் தேர்ந்தவர். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் இணைந்து பணியாற்றினார்கள். மேல்நாட்டு மருத்துவமனைகளின் ஒழுங்கையும் தூய்மையையும் ஆராய்ச்சி முறையையும் நேரில் கண்ட ஹகீம் அவர்கள், அவற்றைத் தம் கல்லூரியிலும் கொண்டுவர உறுதி பூண்டார்கள். பழைய நூலைப் போற்றுவதும் புதிய அறிவை ஏற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அன்னாரின் வாழ்நாள் கொள்கை.

சட்டம் விரித்த வலை

இதனிடையே ஒரு பெரும் ஆபத்து வந்தது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டங்களை மாகாண அரசுகள் கொண்டுவரத் தொடங்கின. 1912 இல் பம்பாயிலும் 1914 இல் சென்னையிலும் அத்தகைய சட்டங்கள் நிறைவேறின. மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கே பதிவு என்ற ஏற்பாட்டால், ஹகீம்களும் வைத்தியர்களும் சட்டத்தின் பார்வையில் மருத்துவர்களே அல்லர் என்றாயிற்று. கோடிக்கணக்கான ஏழை மக்களுக்கு அவர்களை விட்டால் வேறு மருத்துவர் கிடையாது.

இத்தகைய நெருக்கடியைத் தனித்தனியே எதிர்கொள்ள முடியாது என்பதை உணர்ந்த அஜ்மல்கான் அவர்கள், 1910 இலேயே அகில இந்திய வைத்திய யூனானி திப்பி மாநாட்டை அமைத்திருந்தார்கள். ஆயுர்வேத வைத்தியர்களும் யூனானி ஹகீம்களும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். இரு சாராரும் சேர்ந்து அரசுக்குக் கோரிக்கை வைத்தார்கள். தங்களிடம் உள்ள குறைகளையும் பேசித் திருத்திக்கொள்ள முயன்றார்கள். பாடநூல், பாடத்திட்டம், மருந்தின் தரம் ஆகியவை பொதுவான விவாதத்துக்கு வந்தன.

கரோல்பாகில் எழுந்த கல்லூரியின் பெயரிலேயே அந்த ஒற்றுமை பொறிக்கப்பட்டது. ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரி என்பது அதன் பெயர். 1916 மார்ச் 29 ஆம் நாள் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழும்பி முடிவதற்குள் நாட்டின் நிலை தலைகீழாக மாறியது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் எழுந்தன. ஹகீம் அவர்கள் அரசு அளித்திருந்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தைத் துறந்தார்கள். அரச பிரதிநிதி அடிக்கல் நாட்டிய அதே கல்லூரியை, 1921 பிப்ரவரி 13 ஆம் நாள் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

அவ்விழாவில் நடந்த ஒன்று கருதத்தக்கது. கல்லூரிக்குத் துணைநின்ற ஹார்டிஞ்ச் தம்பதியரின் படங்களையும் காந்தியடிகளே திறந்து வைத்தார். ஆட்சியை எதிர்ப்பது வேறு, செய்த உதவிக்கு நன்றி பாராட்டுவது வேறு என்ற பண்பாடு அங்கே வெளிப்பட்டது. அத்துடன், நாட்டு மருத்துவர்கள் பழம்பெருமையோடு நின்றுவிடாமல், மேல்நாட்டாரிடம் காணப்படும் ஆராய்ச்சி வேட்கையைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் காந்தியடிகள் வலியுறுத்தினார். பாராட்டை எதிர்பார்த்திருந்த அவைக்கு அது கசப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் ஹகீம் அவர்களின் உள்ளக் கருத்தும் அதுவேயாகும்.

தலைமையும் தியாகமும்

அரசியலில் அன்னார் எட்டிய உயரம் அரிது. 1906 இல் ஆகாகான் தலைமையில் சிம்லா சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார்கள். 1918 இல் டெல்லியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார்கள். 1921 டிசம்பரில் அகமதாபாத் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்தமையால், ஹகீம் அவர்களே தலைமை தாங்கினார்கள். முஸ்லிம் லீகின் தலைமையும் கிலாஃபத் மாநாட்டின் தலைமையும் அன்னாரைத் தேடி வந்தன. இந்து முஸ்லிம் ஒற்றுமை குலையும் போதெல்லாம் இரு சாராரும் நம்பி அழைத்த மனிதர் அவர்.

1920 அக்டோபர் 29 ஆம் நாள் அலிகாரில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பட்டபோது, அதன் முதல் வேந்தராக ஹகீம் அவர்கள் பொறுப்பேற்றார்கள். அரசு உதவியின்றி நடந்த அந்நிறுவனத்துக்குக் கிலாஃபத் குழுவின் நிதியே ஆதாரம். 1924 இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டதும் இயக்கம் தளர்ந்தது, நிதியும் நின்றது. மூடிவிடலாம் என்று பலர் நினைத்த வேளையில், ஹகீம் அவர்களும் டாக்டர் அன்சாரி அவர்களும் காந்தியடிகளின் ஊக்கத்தோடு அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1925 இல் ஜாமிஆ அலிகாரிலிருந்து டெல்லி கரோல்பாகுக்கு, திப்பியா கல்லூரியின் அருகாமைக்கே கொண்டுவரப்பட்டது. மாதச் செலவில் பெரும்பகுதியை ஹகீம் அவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். மன்னர்களிடம் பெற்ற ஆயிரங்கள் ஆசிரியர்களின் சம்பளமாயின.

1927 டிசம்பர் 29 ஆம் நாள் ராம்பூரில் இதயநோயால் ஹகீம் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்போது வயது 59. உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு, ஹஸ்ரத் ஸையித் ஹஸன் ரஸூல்நுமா அவர்களின் அடக்கத்தலத்தை ஒட்டி நல்லடக்கம் செய்யப்பட்டது.

ஜாமிஆவின் மிகப் பெரிய புரவலர் போய்விட்டார். ஆனால் நிறுவனம் வீழவில்லை. அஜ்மல்கான் நினைவு நிதி திரட்டப்பட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன் உள்ளிட்ட ஆசிரியர்கள், மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதிமொழி ஏற்றார்கள். ஒரு மனிதர் தாங்கிய சுமையை ஒரு சமுதாயம் பகிர்ந்துகொண்டது. இன்று அது மத்தியப் பல்கலைக்கழகமாகத் தலைநிமிர்ந்து நிற்கிறது.

ஒரு வேரின் கதை

ஹகீம் அவர்கள் விதைத்த ஆராய்ச்சி வேட்கை, அன்னாரின் மறைவுக்குப் பின்னரே கனி தந்தது. சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ என்னும் இளைஞர் ஜெர்மனியில் வேதியியல் படித்துவந்தார். அவருக்கு ஹகீம் அவர்கள் ஆதரவளித்து, நாடு திரும்பி டெல்லியில் மூலிகை ஆராய்ச்சியை நடத்துமாறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் 1928 இல் திரும்பியபோது வரவேற்க ஹகீம் அவர்கள் இல்லை. ஆயினும் பணி தொடங்கியது.

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்களும் ஹகீம்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். மனக்கொதிப்பு, உறக்கமின்மை ஆகியவற்றுக்கு அது கொடுக்கப்பட்டது. அவ்வேரிலிருந்து 1931 இல் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த சித்தீக்கீ, அதற்கு அஜ்மலீன் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கோடு தொடர்புடைய அம்மருந்து, மறைந்திருக்கும் ஒருவகை இதயக் கோளாறைக் கண்டறியும் சோதனைக்கு இன்றும் உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அதே வேரிலிருந்து 1952 இல் ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள் பிரித்தெடுத்த ரெசர்பின், இரத்த அழுத்த நோய்க்குத் தொடக்ககால மருந்துகளுள் ஒன்றாயிற்று. இதயநோயால் மறைந்த ஒரு ஹகீமின் பெயர், இதயநோய் மருத்துவ நூல்களில் நிலைபெற்றுவிட்டது. பழைய கிதாபில் இருந்த ஒரு குறிப்பு ஆய்வுக்கூடம் வரை சென்றதனால் விளைந்த பயன் இது.

தமிழகத்தில் எதிரொலி

டெல்லியில் எழுந்த அலை சென்னையையும் தொட்டது. நாட்டு மருத்துவங்களின் நிலையை ஆராய 1921 இல் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்தது. முகம்மது உஸ்மான் அவர்கள் அதன் தலைவர். கேப்டன் சீனிவாசமூர்த்தி செயலர். உஸ்மான் அவர்கள் 1934 இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராகவும் பதவி வகித்தவர். உஸ்மான் குழு சித்த, ஆயுர்வேத, யூனானி மருத்துவர்களிடம் வினாப்பட்டியல் அனுப்பி, அவரவர் மொழியிலேயே சாட்சியம் பெற்றது. 1923 இல் வெளியான அதன் அறிக்கையில் அச்சாட்சியங்களும் இடம்பெற்றன. அதுவரை வீட்டுத் திண்ணையோடு நின்ற பலருடைய குரல் முதன்முறையாக அச்சேறியது. குழுவின் பரிந்துரைப்படி 1925 இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, மூன்று முறைகளும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் 1964 இல் நமக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1979 இல் சென்னையில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் தோன்றின.

நமக்கு எஞ்சியிருக்கும் கடமை

1987 இல் இந்திய அஞ்சல் துறை ஹகீம் அவர்களின் உருவப்படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. அன்னாரின் பிறந்தநாளான பிப்ரவரி 11 யூனானி நாளாகக் கொண்டாடப்படுகிறது. கரோல்பாகில் திப்பியா கல்லூரி இன்றும் டெல்லி அரசின்கீழ் இயங்குகிறது. அதன் அருகே கடைகள் நிறைந்த சாலை அன்னாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சாலையில் பொருள் வாங்கச் செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை அறிவார்கள்!

ஜமாஅத் பெருமக்களே! திருவேங்கடம் போன்ற சிற்றூரில் நாம் திப்பியா கல்லூரி கட்ட முடியாது. ஆனால் ஹகீம் அவர்கள் கல்லூரி கட்டுவதற்கு முன் செய்த காரியங்களை நாமும் செய்யலாம். முதலாவது, வீட்டுப் பெட்டிகளில் பழைய மருத்துவக் கிதாபுகளோ சுவடிகளோ இருப்பின், அவற்றைச் செல்லுக்கு இரையாக்காமல் வெளியே எடுப்போம். பட்டியல் எழுதுவோம், படம் பிடித்து வைப்போம், பாளையங்கோட்டை போன்ற இடங்களிலுள்ள அறிந்தோரிடம் காட்டுவோம். அவற்றைப் பார்த்து நாமே மருந்து செய்து உண்பது கூடாது. தேர்ந்த மருத்துவரின் ஆய்வுக்கு உட்படாத மருந்து ஆபத்தானது. ஹகீம் அவர்கள் வற்புறுத்தியதும் ஆய்வையே.

இரண்டாவது, பள்ளிவாசலை ஒட்டி ஓர் அலமாரியும் ஓர் அறிவிப்புப் பலகையும் இருந்தால் போதும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், பேறுகாலப் பராமரிப்பு பற்றிய எளிய தமிழ் நூல்களை அலமாரியில் வைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இலவச மருத்துவ முகாம், இரத்ததானம் பற்றிய செய்திகளைப் பலகையில் எழுதி வைக்கலாம். இருக்கும் உதவியை அறியாமலே கடன் வாங்கிச் சிகிச்சை பெற்று நொடிந்துபோகும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்குப் பணத்துக்கு முன்பாகத் தேவைப்படுவது சரியான தகவல். படித்த இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் அமர்ந்து படிவம் நிரப்பித் தந்தாலே அது பெரிய தர்மமாகும். நம் சகோதரிகளும் பயன்பெறும் வண்ணம் அவர்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குதல் வேண்டும். எச்சமயத்தவரும் வந்து படிக்கும் வண்ணம் கதவு திறந்திருத்தல் வேண்டும். ஷரீஃப் மன்ஸிலின் கதவு அப்படித்தான் திறந்திருந்தது.

ஒருவர் இறந்தபின்னும் நன்மை தந்துகொண்டிருக்கும் செயல்களுள் பயனுள்ள கல்வியும் ஒன்று என்பது நாம் நன்கறிந்த நபிமொழியின் கருத்து. ஹகீம் அஜ்மல்கான் அவர்கள் மறைந்து ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. அன்னார் திறந்து வைத்த நூல்கள் இன்னும் மூடப்படவில்லை. வல்ல இறைவன் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக! நம் வீட்டுப் பெட்டிகளைத் திறக்கும் மனத்தை நமக்கும் தருவானாக! ஆமீன்.